மறுக்க ஆளில்லாத தலைப்பில் வாதம் எங்கிருந்து வரும்?

வாதக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது பற்றி ஆசிரியர்கள், பெற்றோர்கள், மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ‘நெகிழி ஒழிப்பு’ என்று தலைப்புக் கொடுத்தால் 42 நோட்டிலும் ஒரே கட்டுரைதான் வருகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் இருக்கிறது, வாதம் மட்டும் இல்லை. எங்கே தொடங்குவது? (ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: தலைப்பில் தொடங்குங்கள். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. நெகிழி கெடுதல் என்று எழுதச் சொல்கிறோம், அதை மறுத்துப் பேசுகிற ஆள் ஊரில் ஒருவர்கூட இல்லை, அப்புறம் அந்தக் குழந்தை யாரிடம் வாதாடும்? நிலம் பாழாகிறது, மாடு தின்று சாகிறது, ‘ஒழிப்போம், உலகைக் காப்போம்’ என்று எழுதிவிட்டு முடிவுரைக்குப் போய்விடுகிறது. நாம் கேட்டதைத்தான் அது கொடுத்திருக்கிறது.

அதே விஷயத்தையே கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகை நெகிழிப் பொருட்களுக்குத் தடை. தயாரிப்பது, இருப்பு வைப்பது, விற்பது, பயன்படுத்துவது எல்லாமே அந்தத் தடைக்குள் வருகிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவும் ஒருமுறை நெகிழிப் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு, சாயங்காலம் இரண்டு முழம் பூ வாங்கினால் எதில் போட்டுக் கொடுக்கிறார்கள்? இந்த இடத்தில் வகுப்பிடம் கேளுங்கள்: ‘கேரி பேக் வைத்திருந்ததற்காகத் தெருவோரப் பூக்காரம்மாவுக்கு அபராதம் போடலாமா?’

நான் இதைக் கேட்ட அன்று வகுப்பு இரண்டாக உடைந்தது. ஒரு பெண்ணின் அம்மா கோயில் வாசலில் பூ விற்பவர். இன்னொரு பையனின் அப்பா சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை பார்ப்பவர். மழைக்காலத்தில் அவர் கையில் சிக்குவது முக்கால்வாசி கேரி பேக்தான் என்று அவன் எழுந்து சொன்னான். ‘பை செய்கிற கம்பெனியை விட்டுவிட்டு எங்க அம்மாவைப் பிடிப்பீங்களா’ என்று அவள் கேட்டாள். ‘கம்பெனி செஞ்சாலும் அதைக் கையில எடுத்துக் கொடுக்கிறது யாரு’ என்று அவன் கேட்டான். மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. அன்று ராத்திரி எழுதிக்கொண்டு வந்த கட்டுரைகளில் எழுத்துப்பிழை நிறைய இருந்தது, ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

ஆகவே தலைப்புக்கு ஒரு சோதனை வையுங்கள். கரும்பலகையில் எழுதியதும், ‘இதை மறுத்துப் பேச மூன்று பேர் எழுந்திருங்கள்’ என்று சொல்லுங்கள். யாரும் எழவில்லை என்றால் அந்தத் தலைப்பை அழித்துவிடுங்கள். தாய்மொழியின் சிறப்பு, நூலகத்தின் பயன், மரம் வளர்ப்போம் எல்லாம் நல்ல தலைப்புகள்தான், ஆனால் வாதத்துக்கு உதவாது. ‘பள்ளி நூலகத்தில் பாடப் புத்தகம் அல்லாத கதைப் புத்தகத்துக்குப் பாதிக் காசைச் செலவழிக்கலாமா’ என்று கேட்டால் எழுந்திருப்பார்கள்.

தலைப்பு முடிவானதும் உடனே எழுத விடாதீர்கள். முதலில் ஒரே ஒரு வாக்கியம்: ‘இன்னது செய்ய வேண்டும் என்கிறேன், ஏனென்றால் இன்னது, இதை ஒப்புக்கொள்ளாதவர் இன்னார்.’ இந்த மூன்றும் ஒரு வாக்கியத்தில் உட்காரும்வரை கட்டுரை கிடையாது. இதற்கு ஒரு முழுப் பீரியட் போகும், போகட்டும். பாதிப் பேருக்கு ‘ஏனென்றால்’ என்ற சொல்லுக்குப் பிறகு பேனா நின்றுவிடும், அப்படி நிற்கிற இடத்தில்தான் நீங்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரிவதற்கு முன்பே முன்னுரை எழுதச் சொல்வதால்தான் எல்லாப் பிள்ளைகளும் ‘இன்றைய நவீன உலகில்’ என்று ஆரம்பிக்கிறார்கள்.

கேள்வி: மறுதரப்பையும் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ‘சிலர் இப்படிக் கூறுவர், அது தவறு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். (தமிழாசிரியர், விழுப்புரம்)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதிக்கு எழுத ஒப்புக்கொண்டேன். வாதக் கட்டுரையில் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் எழுவகை மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை, என்று ஒரு சூத்திரம் உண்டு, தமிழ் படித்த நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தது. பிறர் கொள்கைக்கு உடன்படல், மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தல், இரண்டு பேர் மாறுபட்டுச் சொன்னதில் ஒரு பக்கத்தைத் துணிதல், பிறர் நூலில் உள்ள குற்றம் காட்டல், பிறருடையதோடு சேராமல் தன் கொள்கையையே கொள்ளுதல். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூல் எழுதுகிறவர்களுக்காகச் சொல்லி வைத்தது. நாம் இதை மதிப்பெண் கேள்வியாக மட்டும் நடத்திவிட்டு, அடுத்த பீரியடில் கட்டுரைக்குப் போகும்போது ஏழையும் மறந்துவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் நடத்தினேன், இலக்கணம் தனி, கட்டுரை தனி என்று.

அந்த மூன்றாவதைப் பாருங்கள், ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’. மேற்கொள்வது முதலில், களைவது அப்புறம். அடுத்தவர் சொல்வதைத் தன் தோளில் ஏற்றிக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தவனுக்குத்தான் அதை இறக்கி வைக்க உரிமை. உங்கள் மாணவர்கள் ஏற்றாமலே இறக்குகிறார்கள்.

வகுப்பில் நான் செய்தது இது. எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டு பேரை ஜோடியாக உட்கார வைப்பேன். ஒருத்தி தன் கருத்தை இரண்டு நிமிஷம் சொல்வாள், மற்றவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு அதை ஐந்து வாக்கியத்தில் எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். சொன்னவள் ‘ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்’ என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழும்வரை மறுப்பு எழுதக் கூடாது. முதல் தடவையில் அநேகமாக யாருக்கும் கையெழுத்துக் கிடைக்காது. ‘நான் எப்படி அப்படிச் சொன்னேன்?’ என்ற சத்தம்தான் வகுப்பு முழுக்கக் கேட்கும். தாங்கள் மறுத்துக்கொண்டிருந்தது, எதிரே இருப்பவள் சொல்லாத ஒன்றை என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரியவரும்.

ஒரு தடவை ஜல்லிக்கட்டை எடுத்தோம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர் ஊராகவும் கூட்டம் கூடியது, தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. இதையெல்லாம் பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. வகுப்பில் அத்தனை பேரும் ஒரே பக்கம். அதனால் எதிர்ப்பக்கத்தை எழுதும் வேலையை, வீட்டில் காளை வளர்க்கிற பையனிடமே கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மறுநாள் கொண்டுவந்த கட்டுரையில் இப்படி எழுதியிருந்தான்: மாட்டுக்குப் பயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, வாடிவாசலுக்கு உள்ளே நிற்கும்போது எங்கள் காளையின் உடம்பு நடுங்குவதை நான் கைவைத்துப் பார்த்திருக்கிறேன், ஆனால் ஜல்லிக்கட்டு இல்லை என்றால் இந்தக் காளையை வைத்துத் தீனி போட எங்கள் வீட்டில் ஒரு காரணமும் இல்லை, டிராக்டர் வந்துவிட்டது, அது அடிமாடாகத்தான் போகும்.

‘மாட்டுக்கு வலிக்காது’ என்று மற்ற எல்லோரும் அடித்து எழுதியிருந்தார்கள். படிக்கிற எனக்கு ஒருவர் எழுதியதும் நம்பும்படி இல்லை. இவன் மட்டும் எதிராளியின் கையில் இருந்த நல்ல சீட்டைத் தானே எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு தன் சீட்டைப் போட்டான். விலங்கு நல ஆர்வலர் ஒருவர் அதைப் படித்தால் ஒப்புக்கொள்ளாமல் போகலாம், ஆனால் கடைசி வரி வரை படிப்பார். அதுவரை அவரைப் படிக்க வைப்பதே பெரிய வேலை.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். கட்டுரையில் ஆதாரம் காட்டு என்கிறார்கள். திருக்குறளும் பழமொழியும் ஆதாரம் ஆகுமா? (மாணவி, தென்காசி)

பதில்: நல்ல கேள்விம்மா. குறள், எது நல்லது எது தகாதது என்று சொல்லும். ‘கள் குடிப்பது இழிவு’ என்பதற்கு வள்ளுவரை அழைக்கலாம், கள்ளுண்ணாமை என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். ‘மதுக்கடையை மூடினால் குடிப்பவர்கள் குறைவார்கள்’ என்பதற்கு அவரை அழைக்க முடியாது. அது நடந்ததா இல்லையா என்று போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டிய சங்கதி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய்.

பழமொழியை ஆதாரமாக வைக்காதே, ஆனால் ஆதாரத்தைச் சோதிக்க வைத்துக்கொள். நம் பழமொழிகளில் தருக்கம் நிறைய இருக்கிறது. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். ஏன் ஒரு சோறு போதும்? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. எல்லாம் சேர்ந்து கொதித்து, கரண்டியால் கிளறியும் விட்டாகிவிட்டது. அதனால் எந்த இடத்தில் எடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் ‘எங்கள் தெருவில் ஒரு அண்ணன் கைப்பேசியால் கெட்டுப்போனார், ஆகவே மாணவர்கள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது’ என்று எழுதினால், எல்லா மாணவர்களும் ஒரே பானையில் வெந்த சோறா என்று நீயே கேட்டுக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத்தார் ‘எங்கள் வீட்டுப் பெண் கைப்பேசியில் படித்துத்தான் தேர்ச்சி பெற்றாள்’ என்று இன்னொரு சோற்றை எடுத்து நீட்டுவார்கள். அப்புறம் என்ன செய்வாய்?

அடுத்தது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. ‘அதன் பிறகு எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் வருகை கூடியது, ஆகவே உணவுதான் காரணம்’ என்று நீ எழுதுகிறாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையாகவும் இருக்கலாம், நான் மனசார நம்புகிறேன். ஆனால் எதிராளி கேட்பார்: முந்தைய வருஷம் அதே மாதத்தில் வருகை எவ்வளவு? அது கொரோனா முடிந்து பள்ளி மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டிருந்த காலம் இல்லையா? திட்டம் வராத பக்கத்துப் பள்ளியில் வருகை கூடவில்லையா? இதற்கெல்லாம் பதில் தேடிப் போனால்தான் அது காக்கையா, காற்றா, பழுத்து விழுந்ததா என்று தெரியும். வருகைப் பதிவேட்டைப் பார்க்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேள், ஒரு கட்டுரைக்காகக் கேட்கிறாய் என்றால் மறுக்க மாட்டார்.

நீயே எண்ணி எடுத்த எண்ணிக்கையும் ஆதாரம்தான் என்பதை மறக்காதே. மளிகைக் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்று, எத்தனை பேர் வீட்டிலிருந்து பை கொண்டுவந்தார்கள் என்று எண்ணி, நாள், நேரம், இடம் குறிப்பிட்டு எழுது. எங்கிருந்தோ எடுத்த பெரிய புள்ளிவிவரத்தைவிட எனக்கு அது பிடிக்கும், ஏனென்றால் நான் கேள்வி கேட்டால் உன்னால் பதில் சொல்ல முடியும்.

ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்கிறேன். காரணத்தை எப்படி அடுக்குவது என்பதற்கு மணிமேகலையின் 29ஆம் காதையில் ஒரு சின்ன உதாரணம் இருக்கிறது. அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்வது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, இது பக்கம், அதாவது நாட்ட வருகிற கூற்று. ஏனென்றால் புகை இருக்கிறது, இது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல, இது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இந்த மலையிலும் அப்படிப் புகை இருக்கிறது, இது உபநயம், அதாவது பொருத்திக் காட்டுவது. ஆகவே நெருப்பு இருக்கிறது, இது நிகமனம், அதாவது முடிவு. துறவி ஒருவர் துறவிக்குத் தருக்கம் சொல்லும்போது எடுத்துக்காட்டுக்குச் சமையல்கட்டைக் காட்டுகிறார் பார். யார் வீட்டில் அடுக்களை இல்லை? உன் கட்டுரையில் ஒரு பத்தியை எடுத்து இந்த ஐந்தையும் தேடிப் பார். பெரும்பாலும் பக்கமும் நிகமனமும் மட்டும் இருக்கும், நடுவில் இருக்க வேண்டிய ஏதுவைக் காணோம். முதலிலும் கடைசியிலும் ஒன்றையே சொல்லிவிட்டு நிரூபித்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் மகள் பள்ளியில் விவாதம் கற்றதிலிருந்து எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்கிறாள். மாமியார் ஒன்று சொன்னால் இவள் மூன்று சொல்கிறாள். வாதம் செய்யக் கற்றுக்கொடுத்தால் மரியாதை போய்விடாதா? (தாய், கும்பகோணம்)

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, என் வீட்டிலும் இது நடந்தது. கற்றுக்கொடுத்தது பாதியில் நின்றிருக்கிறது என்று நினைக்கிறேன். பேசுவதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் கேட்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேலே சொன்ன கையெழுத்துப் பயிற்சியை வீட்டில் செய்து பாருங்கள். பாட்டி சொன்னதை அவர் வாயால் ‘ஆமாடி, அதைத்தான் சொன்னேன்’ என்று சொல்லும்படி மகள் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் மறுக்கலாம். பல நேரம் மறுக்கத் தேவையே இருக்காது.

மணிமேகலையின் தொடக்கத்தில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் ஊருக்குச் சொல்வதில் ஒன்று, சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்பது. அடுத்த வரியிலேயே, பகைவராக இருந்தாலும் ‘செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’ என்கிறான். கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள். வாதத்துக்கு மேடையைத் திறந்துவிட்ட அதே மூச்சில் சொன்னது. இரண்டும் ஒரு பாடம்தான். மகளை அடக்க வேண்டாம், இந்த இரண்டாவது பாதியைச் சேர்த்துக்கொடுங்கள். அவள் கேட்கிற ‘ஏன்’களில் இரண்டு மூன்றுக்காவது பெரியவர்களிடம் நிஜமான பதில் இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதெல்லாம் சரி, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் குறிப்புகள் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். புதுசாக எழுதினால் மதிப்பெண் போய்விடுமே? (ஆசிரியர், நாமக்கல்)

பதில்: தேர்வில் குறிப்புகளை விடச் சொல்லாதீர்கள். கொடுத்த குறிப்புகளையே உட்தலைப்புகளாகப் போட்டு எழுதட்டும், திருத்துகிறவர் கண்ணுக்கு அவை தெரிய வேண்டும். பொருளுரையில் ஒரு பத்தியை மட்டும், ஐந்தாறு வரி போதும், ‘இதற்கு மாறாக நினைப்பவர்களும் உண்டு’ என்று தொடங்கி நேர்மையாக எழுதிப் பதிலும் சொல்லட்டும். கட்டுக்கட்டாக ஒரே மாதிரித் தாள்களைத் திருத்திக் களைத்துப் போனவருக்கு அந்தப் பத்தி ஒரு டம்ளர் தண்ணீர் மாதிரி. விடைத்தாள் திருத்தும் முகாம்களில் வருஷா வருஷம் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன். வருஷம் முழுக்க வாதம் பழகிய பிள்ளைக்குத் தேர்வில் குறிப்புகளை விரித்து எழுதுவது கஷ்டமே இல்லை.

கேள்வி: 45 நோட்டு. ஒவ்வொன்றையும் எப்படித் திருத்துவது? சிவப்பு மையால் பக்கம் முழுக்க வட்டம் போட்டும் பிள்ளைகள் அடுத்த தடவை அதையே செய்கிறார்கள். (ஆசிரியை, ராமநாதபுரம்)

பதில்: வட்டத்தைக் குறையுங்கள். ஒரு நோட்டில் இரண்டு குறைக்கு மேல் காட்டாதீர்கள், அதிலும் எழுத்துப்பிழையை இந்தத் திருத்தத்தில் தொடவே வேண்டாம், அதற்கு வேறொரு நாள் வையுங்கள்.

குறைக்குப் பெயரும் நம்மிடமே இருக்கிறது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களைக் கரும்பலகையின் ஓரத்தில் வருஷம் முழுக்க எழுதி வைத்திருந்தேன். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. வாதக் கட்டுரையில் அதிகம் வருவது நான்கு. முதல் பத்தியில் அபராதம் கூடாது என்று சொல்லி நான்காவது பத்தியில் கடும் தண்டனை வேண்டும் என்றால் அது மாறுகொளக் கூறல். கேரி பேக்கில் தொடங்கி அப்துல் கலாம் கண்ட கனவுக்குப் போய்விட்டால் மற்றொன்று விரித்தல். முதல் பக்கத்தில் வேகமாகக் கிளம்பி, கடைசியில் ‘எனவே அனைவரும் ஒன்றுபடுவோம்’ என்று கரைந்துபோனால் சென்று தேய்ந்து இறுதல், இது ஏறக்குறைய எல்லா நோட்டிலும் இருக்கும். அழகான வரிதான், எடுத்துவிட்டால் வாதத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றால் நின்று பயனின்மை.

ஓரத்தில் ‘மற்.விரி.’ என்று சுருக்கமாக எழுதினால் போதும், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். இரண்டு மாதத்தில் ஒருவர் நோட்டை ஒருவர் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். ‘டேய், சென்று தேய்ந்துட்டடா’ என்று ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னதைக் கேட்ட அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. 13ஆம் நூற்றாண்டு இலக்கணம் பத்தாம் வகுப்புப் பையன் வாயில் ‘டா’வோடு வந்தது.

திருத்தி முடித்ததும் மதிப்பெண் போடாமல் ஒரு தடவை திருப்பிக் கொடுங்கள். மதிப்பெண் போட்டுவிட்டால் அதை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். திருப்பி எழுதியதற்குத்தான் மதிப்பெண் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பட்டிமன்றத்தில் நன்றாகப் பேசும் மாணவன், கட்டுரையில் சொதப்புகிறான். ஏன்? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: மேடையில் அவனுக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள். கைதட்டல் வந்தால் அங்கேயே நிற்கிறான், வரவில்லை என்றால் வேறொரு கதைக்குத் தாவுகிறான். தாளில் அந்த உதவி கிடையாது. அவன் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து அவனையே கேட்டு எழுதச் சொல்லுங்கள். கைதட்டல் வாங்கிய இடங்களில் எத்தனை காரணம் இருந்தது, எத்தனை வெறும் குரல் ஏற்றம் என்று அவனே பிரித்துவிடுவான். இன்னொன்று, பட்டிமன்றத்தில் அணி பிரித்துக் கொடுத்துவிடுகிறோம், தீர்ப்பும் நடுவர் வேலை. கட்டுரையில் இரண்டு அணிக்கும் அவனே பேசி, தீர்ப்பும் அவனே சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது வேலையை யாரும் அவனுக்குக் கொடுத்ததே இல்லை.

கேள்வி: என் பையன் சாட்ஜிபிடியில் தட்டினால் ஒரு நிமிஷத்தில் கட்டுரை வந்துவிடுகிறது. இனிமேல் இதைக் கற்றுக்கொடுத்து என்ன பயன்? (தந்தை, சென்னை)

பதில்: கட்டுரை வந்துவிடும், சரி. அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விக்கு நின்று பதில் சொல்லச் சொல்லுங்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது, இதை ஒப்புக்கொள்ளாதவர் என்ன சொல்வார், இதில் உனக்கே சந்தேகமான வரி எது. தன் தலையில் ஓடாத வாதத்துக்கு யாராலும் இந்த மூன்றையும் சொல்ல முடியாது. நாளைக்குக் கிராம சபையில், வேலைக்கான நேர்முகத் தேர்வில், கல்யாணப் பேச்சில், அவனுக்கு எதிரே உட்காரப்போவது மனிதர்கள்.

கருவியை ஒளித்து வைக்கவும் வேண்டாம். அது எழுதியதை அச்சடித்துக் கொடுத்து, பத்துக் குற்றங்களில் எவை இருக்கின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சொன்னதையே சொல்லும் கூறியது கூறலும், பொருளில்லாத சொற்களை அடுக்கும் வெற்றெனத் தொடுத்தலும் தாராளமாகக் கிடைக்கும். அதில் வருகிற புள்ளிவிவரம் நிஜமா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மத்தியானம் இதைச் செய்த பையன் அப்புறம் அதை அப்படியே நம்ப மாட்டான்.

கேள்வி: கட்டுரை பாதி எழுதும்போது எதிர்ப்பக்கம்தான் சரி என்று தோன்றிவிட்டது. என்ன செய்வது? முதலிலிருந்து எழுத நேரமில்லை. (பத்தாம் வகுப்பு மாணவன், கோவில்பட்டி)

பதில்: வீட்டுக் கட்டுரை என்றால் மாற்றி எழுதுப்பா. நேரமில்லை என்றால், எந்த இடத்தில் மனசு மாறியது என்பதையே எழுது. ‘இதுவரை இப்படி நினைத்தேன், இந்தக் காரணம் என்னை நிறுத்தியது’ என்று ஒரு பத்தி. தேர்வுக் கூடத்தில் மட்டும் இதைச் செய்யாதே, அங்கே தொடங்கிய பக்கத்திலேயே முடித்துவிட்டு வா.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மாணவி இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தாள். பெண்களுக்கென்று தனிக் கல்லூரி வேண்டும் என்று தொடங்கி, மூன்றாவது பக்கத்தில் வேண்டாம் என்று முடித்திருந்தாள். நடுவில் தன் அக்கா கல்லூரிக்குப் போனதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. நான் ‘மாறுகொளக் கூறல்’ என்று ஓரத்தில் எழுதிப் பத்துக்கு மூன்று போட்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை, நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கட்டுரையிலிருந்து முதல் வரியில் சொன்னதையே கடைசி வரியிலும் சொல்லி ஒழுங்காக எட்டு மதிப்பெண் வாங்க ஆரம்பித்தாள். அது முரண் இல்லை, அவள் யோசித்தது தாளில் தெரிந்தது என்பது எனக்குப் புரிய இன்னும் நான்கைந்து வருஷம் ஆனது. அதற்குள் அவள் பள்ளியை விட்டுப் போயிருந்தாள். உன் ஆசிரியரிடம் கட்டுரையைக் கொடுக்கும்போது, மனசு மாறிய பத்திக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ‘இந்த இடத்தில் மாறினேன் ஐயா’ என்று சொல்லிக் கொடு.